கல்லூரி மாணவர்களின் தொழில்முனைவுக் குணங்களை அளப்பது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்லூரிகளில் இந்தத் தலைப்பில் புராஜெக்ட் செய்யப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். வெளியூரில் தயாரான கேள்வித்தாளை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஏன் என்பது இரண்டாம் படியில் புரியும்.

படி 1: மூன்று குணங்கள் போதும். சாதிக்கும் வேட்கை, அளவறிந்து துணிவது, விளைவு தன் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கை.

படி 2: குணத்துக்கு ஆறு கூற்றுகள் எழுதுங்கள். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். மூன்றாவது குணத்தை அளக்க அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-இல் வெளியிட்ட அளவுகோல் பிரபலம். ஆனால் 'வாழ்க்கையில் பல விஷயங்கள் என் கையில் இல்லை' என்று பொதுவாகக் கேட்டால், டெல்டா விவசாய வீட்டுப் பிள்ளை ஆமாம் என்றுதான் சொல்வார். ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்குமா என்பதும், 2018-இல் கஜா புயல் தென்னையைச் சாய்த்ததும் அந்த வீட்டில் யார் கையில் இருந்தது? அவர் சொல்வது நடப்பு. அதை நம்பிக்கைக் குறைவு என்று கணக்கெழுதுவது அநியாயம். அதனால், கையில் இருப்பதைக் கேளுங்கள்: 'தண்ணீர் தாமதமானால், குறுவைக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவேன்.'

படி 3: 'முற்றிலும் ஏற்கிறேன்' என்பதற்கு 5, 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பதற்கு 1. சில கூற்றுகளை எதிர்மறையாக எழுதி, அவற்றின் மதிப்பெண்ணை மட்டும் 6-இலிருந்து கழியுங்கள். முதலில் ஒரு வகுப்பில் கொடுத்துப் பார்த்து, குணம்வாரியாகக் குரோன்பாக் ஆல்ஃபா (ஒரு குணத்துக்கான கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) கணக்கிடுங்கள். 0.7-க்கு மேல் இருந்தால் சரி.

படி 4: தாளை மட்டும் நம்பாதீர்கள், துணிச்சல்காரர் என்று எழுதிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது! அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் பயன்படுத்திய, நட்ட குச்சியில் விழும்படி வளையம் எறியும் சோதனையை மைதானத்தில் வையுங்கள். எங்கே நின்று எறிவது என்பது மாணவர் விருப்பம். சாதிக்கும் வேட்கை உள்ளவர்கள் குச்சிக்கு மிக அருகிலும் நிற்பதில்லை, எட்டாத தூரத்துக்கும் போவதில்லை. முயன்றால் விழும் என்ற நடுத்தூரத்தைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று அவர் கண்டார். நின்ற தூரத்தைக் குறித்து, தாளின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள்.

படி 5: மூன்று குணங்களின் மதிப்பெண்களையும் கூட்டி ஒரே எண்ணாக்காமல், தனித்தனிச் சராசரி போடுங்கள். குறைந்த மதிப்பெண் வாங்கியவரை ஒதுக்கிவிட வேண்டாம். 1960-களில் மெக்லெலண்ட் குழுவினர் காக்கிநாடாவில் தொழில் செய்வோருக்குப் பயிற்சி கொடுத்தபோது, பலர் அதன்பின் தொழிலை விரிவாக்கினார்கள். இந்தக் குணங்கள் வளரக்கூடியவை. அப்புறம், முடிவை வகுப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். அவரவரிடம் தனியாகக் கொடுத்து, எந்தக் குணத்தில் பயிற்சி தேவை என்று பேசுங்கள்.