ஓய்வுநாள் பள்ளியில் 6, 7, 8-ஆம் வகுப்பு: ஒரு வருட ஊழியத்தைத் திரும்பிப் பார்ப்பது எப்படி?

நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்கும் ஓய்வுநாள் பள்ளியின் ஆண்டறிக்கை பெரும்பாலும் நிகழ்ச்சிப் பட்டியலாகவே இருக்கும். வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடந்தது, பாலியர் ஞாயிறு (சிறுவர் ஞாயிறு) நடந்தது, கிறிஸ்துமஸ் நாடகம் நடந்தது. 6 முதல் 8 வரை படிக்கிற பிள்ளைகளுக்கு அது போதாது. சிறு வகுப்புப் பிள்ளையை அம்மா கைபிடித்துக் கூட்டிவருவார். 11 வயதுக்குமேல் வருவதா வேண்டாமா என்று பிள்ளையே முடிவெடுக்கத் தொடங்குகிறது. ஆகவே இந்த வகுப்பின் ஆய்வைப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள், நிகழ்ச்சிகள் பிறகு.

பிள்ளைகளிடம் கேட்பதை ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். மே பிறந்தால் பாதிப் பேர் பாட்டி ஊரில் இருப்பார்கள். ஒரு துண்டுத்தாள், பெயர் வேண்டாம், வகுப்பு மட்டும் போதும், பத்து நிமிடம். கேள்வி மூன்று: இந்த வருடம் படித்ததில் எது இன்னும் ஞாபகம் இருக்கிறது? கேட்க நினைத்தும் கேட்காமல் விட்ட கேள்வி என்ன? எப்போது வர மனமில்லாமல் இருந்தது, ஏன்? வகுப்பு டீச்சரே நின்று தாள்களை வாங்கினால் எல்லாரும் "எல்லாம் நல்லா இருக்கு" என்றுதான் எழுதுவார்கள். வேறு வகுப்பு ஆசிரியர் ஒருவர் நிற்கட்டும், தாள் பெட்டிக்குள் விழட்டும். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதையும் எழுதத் தொடங்குமுன் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். யாரோ தங்களைத் துன்புறுத்துவதாக எழுதியிருந்தால் நீங்கள் உதவி தேடுவீர்கள். அப்படி ஒரு தாள் வந்தால் ஆய்வுக் கூட்டம் வரை வைத்திருக்காதீர்கள். அன்றே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பாலியல் துன்பம் என்றால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். சபைக்குள் பேசி முடிக்கிற காரியம் அல்ல அது.

ஆய்வுக் கூட்டத்தை மே கடைசியில், வி.பி.எஸ். முடிந்து ஒரு வாரமாவது ஆனபின் வையுங்கள். மறுநாளே உட்கார்ந்தால் வி.பி.எஸ். கூட்டம்தான் கண்முன் நிற்கும், வருடம் மறைந்துவிடும். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். வகுப்பு ஆசிரியர்களும் பெற்றோரில் ஒருவரும் போதும். ஆயர் கடைசி அரைமணிக்கு வரட்டும்; முதலிலிருந்தே இருந்தால் இளம் ஆசிரியர்கள் மனம்விட்டுப் பேசத் தயங்குவார்கள்.

முதலில் வருகைப் பதிவேடு. வி.பி.எஸ். நாட்களைச் சேர்க்காமல் ஜூன்–செப்டம்பர், அக்டோபர்–டிசம்பர், ஜனவரி–ஏப்ரல் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பெயருக்கும் வந்த ஞாயிறுகளை எண்ணுங்கள். சராசரி போடாதீர்கள். பதிவேட்டில் 24 பேர், சராசரி வருகை 15 என்றால், அதே 15 பேர் வருகிறார்களா, 24 பேரும் மாறி மாறி வருகிறார்களா என்பது அதில் தெரியாது. முதல் வகை என்றால் ஒன்பது பேரை இழந்துவிட்டீர்கள். இரண்டாவது என்றால் பாடத் தொடர்ச்சி இல்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

பிறகு, நின்றுபோன ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள். செப்டம்பர் காலாண்டுத் தேர்வோடு நின்று திரும்பாதவர்கள் இருப்பார்கள். எட்டாம் வகுப்பில் ஞாயிறு காலை டியூஷன் தொடங்கியிருக்கும். வயதுக்கு வந்தபின் சில வாரம் வீட்டிலிருந்த பெண்பிள்ளை, திரும்பி வரக் கூச்சப்பட்டு அப்படியே நின்றிருப்பாள். ஆண் ஆசிரியர் மட்டுமே உள்ள வகுப்பில் இது யார் கவனத்துக்கும் வராமலே போகும். பள்ளி விடுதிக்குப் போனவர்கள் உண்டு. "காரணம் தெரியாது" என்று எழுத வேண்டி வந்தால் அதையும் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று ஞாயிறு வராத பிள்ளையின் வீட்டுக்கு யார், எந்தத் தேதியில் போனார்கள் என்ற பத்தியையும் நிரப்புங்கள். பெரும்பாலும் அந்தப் பத்திதான் காலியாக இருக்கும். இயேசு சொன்ன உவமையில் நூறு ஆடுகளில் ஒன்று குறைந்ததும் மேய்ப்பனுக்குத் தெரிந்தது, அவன் எண்ணிக்கொண்டிருந்ததால்தான்.

அடுத்து, பிள்ளைக்கு ஒரு தாள். லூக்கா 2-ஆம் அதிகாரம் பன்னிரண்டு வயது இயேசுவைக் காட்டி, ஞானத்திலும், வளர்த்தியிலும், தேவகிருபையிலும், மனுஷர் தயவிலும் அவர் விருத்தியடைந்தார் என்று 52-ஆம் வசனத்தில் முடிகிறது. அந்த நான்கையும் தலைப்பாக்கி, தலைப்புக்கு இரண்டு வரி எழுதுங்கள். என்ன கேள்வி கேட்கிறான், உடலும் மனமும் எப்படி மாறுகிறது, தானாக ஜெபிக்கிறானா, வகுப்பில் யாரோடு சேர்கிறான். ஐந்து நிமிடம் யோசித்தும் தாள் காலியாக இருந்தால், அந்த அமைதியான பிள்ளையை வருடம் முழுவதும் யாரும் பார்க்கவில்லை. வரும் ஜூனில் நீங்கள் முதலில் போக வேண்டியது அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே. குடும்பச் சண்டை, கடன், குடி இவற்றைத் தாளில் எழுதாதீர்கள். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அது ஊர்ப்பேச்சாகிவிடும்.

பாடங்களைச் சோதிப்பது எளிது. பிள்ளைகள் ஞாபகம் இருப்பதாக எழுதியதைப் பாடத்திட்டத்தோடு ஒப்பிடுங்கள். மனப்பாட வசனத்தில் கவனமாயிருங்கள். மேடையில் இருபது வசனம் ஒப்புவித்தவரிடம் இரண்டு மாதம் கழித்து ஒரே வசனத்தைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொன்னால்தான் உண்மை தெரியும். பரிசு வருடாவருடம் அதே மூன்று பேருக்குப் போனால் மற்றவர்கள் முயல்வதை விட்டுவிடுவார்கள். நவம்பர், டிசம்பரில் எத்தனை ஞாயிறு நாடக ஒத்திகைக்குப் போயிற்று என்றும் எண்ணுங்கள். அந்த மாதங்களில் எட்டோ ஒன்பதோ ஞாயிறுகள்தான் வரும். ஆறு ஒத்திகை என்றால் பாடம் நின்றதாகவே பொருள். ஒத்திகையைச் சனிக்கிழமைக்கு மாற்றலாம், அல்லது நாடகத்தைச் சிறிதாக்கலாம்.

முடிவெடுக்கும்போது ஆசை பெரிதாகிவிடும். புதிதாக ஒன்றைத் தொடங்குமுன் இரண்டை நிறுத்துங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் ஆள் பெயரும் தேதியும் வேண்டும். அடுத்த வருடம் தொடர முடியுமா என்று ஆசிரியர்களைத் தனித்தனியே கேளுங்கள், கூட்டத்தில் கேட்டால் யாரும் முடியாது என்று சொல்லமாட்டார்கள். ஊழியம் செய்து திரும்பிய அப்போஸ்தலரைச் சற்றே இளைப்பாற இயேசு அழைத்தார் (மாற்கு 6:31). களைத்தவருக்கு ஒரு மாதம் விடுப்புக் கொடுங்கள்.

சேகரக் கமிட்டிக்கு (சபை நிர்வாகக் குழு) ஒரு பக்க அறிக்கை போதும், அதில் பிள்ளைகளின் பெயர் வரக் கூடாது. எட்டாம் வகுப்பு முடித்தவர்களை ஒரு அறிவிப்போடு மேல்வகுப்புக்கு அனுப்பிவிடாதீர்கள். பழைய டீச்சர் கூடவே போய், முதல் இரண்டு ஞாயிறு புதிய வகுப்பில் அவர்களோடு உட்கார வேண்டும். மூன்றாவது ஞாயிறு யார் வரவில்லை என்று அந்த வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு, அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போங்கள்.