கீமோவுக்கு முந்தின ராத்திரி பயம் எனக்கு எப்படி குறைஞ்சுது

எனக்கு 21 நாளுக்கு ஒரு தடவை கீமோ. ரெண்டாவது சைக்கிள்லேர்ந்து முந்தின ராத்திரியே குமட்ட ஆரம்பிச்சிடும், மருந்தே ஏறல, அந்த வார்டு வாசனை ஞாபகம் வந்தாலே போதும். வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க வேற துக்கம் விசாரிக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டு போவாங்க.

மூணாவது தடவை பக்கத்து சேர்ல ஒரு சைதாப்பேட்டை அக்கா. ரெண்டு பேருக்கும் அதே சிவப்பு மருந்து, டாக்சோரூபிசின். நர்ஸ் ஊசில ஏத்திட்டு வர்றத பார்த்து "ரோஸ்மில்க் வந்துடுச்சு, ஐஸ் போடலையா சிஸ்டர்?"னு கேட்டாங்க பாருங்க, எத்தனையோ நாள் கழிச்சு அன்னைக்குதான் வயிறு வலிக்க சிரிச்சேன். அப்புறம் குனிஞ்சு மெதுவா, "யூரின் சிவப்பா போனா பயப்படாத கண்ணு, மருந்தோட கலர்தான், ரெண்டு நாள்ல சரியாயிடும்"னாங்க. முதல் தடவை அத ரத்தம்னு நினைச்சு பாத்ரூம்ல தனியா அழுதவ நான்.

டாக்டர்கிட்ட கேட்டு ரெண்டு பேருக்கும் ஒரே நாளா போட்டுக்கிட்டோம். குமட்டல பத்தியும் சொன்னேன், முந்தின ராத்திரிக்கு மாத்திரை குடுத்தாங்க, அதையும் மறைக்காம கேட்டுடுங்க. வாயில இரும்பு ருசி அடிக்குதுன்னப்போ மரக்கரண்டில சாப்பிட சொன்னதும் அக்காதான், மோர்சாதம் இறங்குச்சு.

இப்போ வாட்ஸ்அப்ல நாலு பேர் இருக்கோம். அவங்கவங்க நோயை அவங்கவங்கதான் கிண்டல் பண்ணணும், அடுத்தவங்களோடத தொடக்கூடாது. யாருக்காவது ஜுரம் 100.4 தாண்டினா கிண்டல் கட், உடனே ஆஸ்பத்திரி. நாளைக்கு எனக்கு அஞ்சாவது சைக்கிள், அக்கா இப்பவே "ரோஸ்மில்க் ரெடியா?"னு மெசேஜ் போட்டுட்டாங்க.