தோட்டத்து ஊரில் பொங்கல்: மணி, பானை, பால்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில் பொங்கலுக்கு வேண்டிய சாமான் எதற்கும் பஞ்சமில்லை. கரும்பு, மஞ்சள் கொத்து, மாவிலை, மண்பானை எல்லாம் ஜனவரி இரண்டாவது வாரத்திலேயே கடைத்தெருவில் வந்து இறங்கிவிடும். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முதலில் தடுமாறுவது நேரக் கணக்கில்தான்.

இந்திய நேரத்தோடு இரண்டரை மணி கூட்டினால் மலேசிய நேரம். சூரியன் மகர ராசிக்குள் நுழையும் கணம் உலகம் முழுக்க ஒன்றே என்பதால் அதற்கு இந்தக் கூட்டல் சரி. சூரிய உதயத்துக்குச் சரிவராது. பொங்கலன்று சென்னையில் உதயம் ஏறக்குறைய 6.35. இரண்டரை கூட்டினால் 9.05 ஆகிவிடும். சுங்கை சிப்புட்டில் அந்நேரம் வெயில் முதுகைச் சுடும். இங்கே உதயம் 7.30ஐ ஒட்டி வரும், தெற்கே ஜொகூர் பாருவில் 7.10 வாக்கில். ‘ரெண்டு மணி நேரம் கூட்டு’ என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. 1981 வரை அது சரியாக இருந்தது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள்.

ராகுகாலமும் இப்படித்தான். திங்கட்கிழமைக்கு நாட்காட்டியில் போட்டிருக்கும் 7.30 முதல் 9 என்பது, 6 மணிக்கு உதயம் என்று வைத்துப் போட்ட கணக்கு. இங்குள்ள உதயத்திலிருந்து எண்ணினால் 9 மணி வாக்கில்தான் அது தொடங்கும். நாட்காட்டியில் உள்ளதையே பார்க்கும் கோயில்களும் இருக்கின்றன. ஊர்க் கோயில் குருக்கள் சொல்வதைக் கேட்டு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் இரண்டு கணக்கு பேசினால் அடுப்புதான் அணையும்.

பொங்கலுக்கு நாடு தழுவிய பொது விடுமுறை கிடையாது. பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு) போகிறவர்கள் உதயத்துக்கு முன்பே தோட்டக் காட்டில் இருப்பார்கள், ஆகவே லீவை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது, கோயிலிலோ மண்டபத்திலோ ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஒற்றுமைப் பொங்கல்.

பானையைக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக வாங்குங்கள். சிலாங்கூர்ப் பக்கம் இருப்பவர்கள் கோல சிலாங்கூரின் கம்போங் குவாந்தானுக்கே போய், செய்கிறவர்களிடம் நேரடியாக வாங்கலாம். விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். ‘ணங்’ என்று கேட்டால் நல்ல பானை. ‘டொக்’ என்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது, எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். வாங்கியதும் ஒரு முழு நாள் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். குமிழி வருவது நின்றால் ஊறிவிட்டது என்று அர்த்தம். பிறகு நிழலில் காய வேண்டும். தமிழ்நாட்டில் அரை நாளில் காய்வது இந்த ஈரக்காற்றில் இரண்டு நாள் பிடிக்கும், அதுதான் நான்கு நாள் கணக்கு. காய்ந்த பிறகு அரிசி கழுவிய தண்ணீரை முக்கால் பானை ஊற்றி, சின்னத் தீயில் அரை மணி கொதிக்கவிட்டு, தானாக ஆறவிடுங்கள். காலி ஈரப் பானையை நேரே பெருந்தீயில் வைத்தால் மண்ணுக்குள் இருக்கும் நீர் ஆவியாகி வெளியேற இடமில்லாமல் வெடித்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலைச் சூடான பானையில் ஊற்றினாலும் அதே கதிதான்.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு முன்கூடத்து டைல்ஸ் மேல் நேரே அடுப்பு மூட்டாதீர்கள், டைல்ஸ் வெடிக்கும். ஒரு தகரம், அதன்மேல் இரண்டு அங்குல மணல், மூன்று மூலையில் இரண்டிரண்டு செங்கல். பால்மரக் (ரப்பர் மரக்) கட்டை நின்று எரியும். தென்னம்பாளை பற்றவைக்க உதவும். பச்சைச் செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டை வெறும் புகை. பெயின்ட் அடித்த பலகையைத் தொடவே வேண்டாம். மஞ்சள் கொத்தைப் பானைக் கழுத்தில், இலை மேல்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். தொங்கவிட்டால் நெருப்பு பற்றும்.

இரண்டரை லிட்டர் பானைக்கு அளவு இது: பச்சரிசி 250 கிராம், லேசாக வறுத்த பாசிப்பருப்பு 60 கிராம், பால் 750 மில்லி, தண்ணீர் 1 லிட்டர், வெல்லம் 350 கிராம், நெய் 5 மேசைக்கரண்டி. பிரியாணிக்கு வாங்கிய பாஸ்மதி குழையாது. பெட்டிப் பால் தாராளமாகப் பொங்கும். டின் பால் கூடாது, அதிலுள்ள சீனி பொங்குவதற்குள் அடியில் கருகிவிடும்.

பாலும் தண்ணீரும் சேர்ந்தால் பானை முக்காலுக்கு வரும். அதற்குக் குறைந்தால் பொங்கி வழியாது. ஆடை கட்டினால்தான் ஆவி அடியில் சேர்ந்து பாலைத் தூக்கும், அதனால் அதுவரை கிண்டாதீர்கள். ஓரத்தில் சின்னச் சின்ன நுரை வந்து, நடு ஆடை மெல்லப் புடைக்கும்போது தீயை ஏற்றுங்கள். பொங்கியதும் இரண்டு கரண்டிப் பாலை மொண்டு தனியே வைத்துவிட்டு அரிசியையும் பருப்பையும் போடுங்கள். தீயைத் தணித்து, இறுகும்போது மொண்ட பாலையும் சுடுதண்ணீரையும் ஊற்றிக்கொள்ளலாம்.

அரிசி விரலில் நசுங்கும்வரை வெல்லம் கிட்டவே வரக்கூடாது. முன்னதாகப் போட்டால் அரிசி அதற்குமேல் வேகாது, பாலும் திரிந்துபோகும். வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி, மண்ணை நீக்கிய பிறகே சேருங்கள். இங்கே பலர் தேங்காய்ப்பாலும் விடுவார்கள். கெட்டிப்பால் ஒரு கப் போதும், அதுவும் இறக்கிய பிறகு. கொதித்தால் எண்ணெய் பிரியும்.

இந்த வெயிலில் தேங்காய்ப்பால் பொங்கல் மத்தியானம் வரை தாங்காது. படைத்ததும் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, மிச்சத்தை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். பானையோடு மூடி வைத்தால் நடுவில் சூடு தங்கிப் புளிக்கும்.

பானையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாதீர்கள், மண் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தேங்காய் நாரும் சுடுதண்ணீரும் போதும். கழுவி, செங்கல் மேல் வாய் கவிழ்த்து இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் ஒரே வாரத்தில் பூசணம் பிடிக்கும்.