மலையகத்தின் பழைய லயங்களைப் பார்க்கப் போகிறீர்களா?

நுவரெலியாக் குளிரையும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையையும் பார்த்துவிட்டு வருவது இலங்கையின் மலையகத்தைப் பார்த்ததாகாது. அந்த மலைகளில் முதலில் குடியேறிய நம் மக்கள் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய அறைகளில், எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

1. மாத்தளையில் தொடங்குங்கள். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து இங்கே வந்தார்கள். காய்ச்சலில் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். முத்துமாரியம்மன் கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு கண்டிக்குக் கிளம்புங்கள்.

2. கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துர தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை, இலங்கையில் முதன்முதலாக வணிகத்துக்காக 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம். அவர் உட்கார்ந்த கல்லிருக்கையைக் காட்டுவார்கள். குழி வெட்டிக் கன்று நட்டவர்கள் எங்கே தங்கினார்கள் என்றும் கேளுங்கள். மழைக்காலமென்றால் அட்டை ஏறும். காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போங்கள்.

3. அப்புறம் கண்டிக்குத் திரும்பி, கம்பளைக்கு ரயிலேறுங்கள். பக்கத்தில் பரதெக்கவில், பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு காம்பராவுக்குள் (அறைக்குள்) நின்று கையை விரித்துப் பாருங்கள். லயக் காம்பரா என்பது கிட்டத்தட்ட 10 அடிக்கு 12 அடி. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம் அதற்குள்தான். பல பழைய காம்பராக்களுக்கு ஜன்னலே கிடையாது; அடுப்புப் புகை வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். முன்னால் சின்னதாக ஓர் இஸ்தோப்பு, அதாவது திண்ணை மாதிரியான முன்வராந்தா. முதுகோடு முதுகாக இன்னொரு வரிசை இருந்தால் அது இரட்டை லயம்.

'துண்டு' பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொழிலாளியின் கடனைக் குறித்த காகிதம் அது. அந்தக் கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அந்த முறையை ஒழித்தார்கள்.

4. கடைசியாக, மக்கள் இன்றும் குடியிருக்கும் ஒரு லயத்துக்குப் போங்கள். தெரிந்தவர் ஒருவரோடு, அனுமதி கேட்டுப் போங்கள். அது அவர்கள் வீடு. கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். வயதானவர்கள் இருந்தால், "பாட்டி, பெரட்டுக்களம் எங்கே இருந்துச்சு?" என்று ஆரம்பியுங்கள். வேலை பிரித்துக் கொடுக்கக் காலையில் ஆட்களைக் கூட்டிய இடம் அது. விடியும் முன்னே தப்படித்து ஆட்களை எழுப்பிய கதை தானாக வரும். சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) கொடுத்தால் மறுக்காமல் குடியுங்கள். பிறகு, அவர்களுடைய பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேளுங்கள். திருச்சிப் பக்கமோ புதுக்கோட்டைப் பக்கமோ ஓர் ஊரைச் சொல்வார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.