கேமரா வாங்கும்முன் கடையிலேயே 4கே 50 போட்டுப் பாருங்க

போட்டோ, வீடியோ இரண்டுக்கும் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா (படம் பதியற சென்சார் பெரிசா, உள்ளே கண்ணாடி இல்லாம இருக்கறது) வாங்கப் போறீங்களா? பணம் கட்டும்முன் 24 எம்எம் லென்ஸ் மாட்டி, நின்ன இடத்திலேயே வீடியோவை 4கே 25-லிருந்து (நொடிக்கு 25 ஃபிரேம்) 4கே 50-க்கு (நொடிக்கு 50) மாத்திப் பாருங்க (பெட்டியில 60னு இருக்கும், நம்ம ஊர் டியூப் லைட்டுக்கு 50தான் தோது). ஓரத்துல தெரிஞ்ச அலமாரி திரையில காணாமப் போனா, அது கிராப், அதாவது படத்தோட ஓரத்தை வெட்டிடறது.

முழு சென்சாரையும் அந்த வேகத்துல படிக்க முடியாத மாடல்கள் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கும். 24 எம்எம், 36 மாதிரி ஆயிடும், காட்சி குறுகிடும். சோனி ஏ7 மார்க் 4 இந்த ரகம். கேனான் ஆர்6 மார்க் 2 முழு அகலத்தையும் எடுக்கும். வேலூர், காட்பாடி பக்கத்துச் சின்ன மண்டபங்கள்ல மணமேடையைச் சுத்தி சொந்தக்காரங்க நெருக்கிட்டு நிக்கும்போது பின்னால நகர இடமே இருக்காது. அப்புறம் இன்னொரு அகல லென்ஸுக்குத் தண்டம் அழணும்.

ஸ்லோமோஷன் வேண்டாம், 25 போதும்னா இதைக் கண்டுக்காதீங்க. போட்டோவுக்கும் இந்த கிராப் கிடையாது. தூரத்துலேர்ந்து மேடை நிகழ்ச்சி எடுக்கறவங்களுக்கு இது லாபம்தான்.