உடற்கொழுப்பு அளவோடு இருக்கிறதா என்று வீட்டிலேயே அறிவது எப்படி?

சாதாரண எடை இயந்திரம் உடலின் மொத்த எடையை மட்டுமே காட்டும்; அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. பரவலாகப் பயன்படும் ஓர் அளவுகோலின்படி, ஆண்களுக்கு 18 முதல் 24 விழுக்காடும் பெண்களுக்கு 25 முதல் 31 விழுக்காடும் ஏற்கத்தக்க உடற்கொழுப்பாகும். கருவுறுதலுக்கும் பாலூட்டலுக்கும் உதவும் கொழுப்பு பெண்ணுடலில் இயல்பாகவே கூடுதலாக இருப்பதால், கணவரின் எண்ணோடு தன் எண்ணை ஒப்பிட்டு ஒரு பெண் வருந்தவே தேவையில்லை.

வீட்டில் வயிற்றுச் சுற்றளவை வைத்து இதைக் கணிக்கலாம்; அதை அளப்பதற்குத் தையல் நாடா ஒன்றே போதும். நிமிர்ந்து நின்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், தோலை அழுத்தாமல் நாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளிவிட்ட பின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். வயிற்றை உள்ளிழுத்தால் அளவு பொய்யாகிவிடும். தெற்காசியர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. கைகால்கள் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சூழ்ந்து கொழுப்பு சேரும் போக்கு நம்மவர்களிடம் அதிகம். நீரிழிவு வரும் வாய்ப்பை அது கூட்டுவதால், எடை சரியாகத்தானே இருக்கிறது என்று இந்த அளவைத் தவிர்த்துவிடாதீர்கள். எல்லையைத் தாண்டியிருந்தால், மருத்துவரிடம் காட்டி இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது.