பதிவு மேக்ரோவும் கடைசி வரிசையும்

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு காகித மொத்தக் கடைக்குக் கணக்குப் பார்க்கிறேன். பில் மென்பொருளிலிருந்து மாலைதோறும் இறக்கும் பட்டியலில் தொகைக்கு அடுத்த நெடுவரிசையில் வரியைக் கணக்கிடும் வேலையை இப்போது எக்செலின் பதிவு மேக்ரோ செய்கிறது; நாம் ஒருமுறை செய்து காட்டும் படிகளைப் பதிந்துகொண்டு, கேட்கும்போது அவற்றைத் திரும்பச் செய்யும் வசதி அது. இதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வியூ பட்டியில் மேக்ரோஸ் என்பதன் கீழ் ரெக்கார்ட் மேக்ரோவைத் தேர்ந்து, இடைவெளி இல்லாத பெயர் ஒன்றைக் கொடுங்கள். பட்டியல் தினமும் புதுக் கோப்பாக வருமானால், சேமிக்கும் இடமாகப் பெர்சனல் மேக்ரோ ஒர்க்புக்கைத் தேர்ந்தெடுங்கள். எந்தக் கோப்பைத் திறந்தாலும் மேக்ரோ கைக்கு எட்டும்.

கவனம் தேவைப்படும் இடம் இனித்தான் வருகிறது. நான் முதன்முதலில் பதிவு செய்த நாளில் பட்டியல் 146ஆம் வரிசையோடு முடிந்திருந்தது. சூத்திரத்தைச் சுட்டியால் அதுவரை இழுத்துவிட்டேன். மறுநாள் பட்டியல் 212ஆம் வரிசை வரை நீண்டபோது, கடைசி 66 பில்களுக்கு வரி விழவே இல்லை. பதிவாகியிருந்தது 'பட்டியல் முடியும் வரை' என்ற என் எண்ணம் அல்ல, 146 என்ற வரிசை எண்தான்.

ஆகவே இழுப்பதைத் தவிர்த்து விசைகளால் நகருங்கள். பதிவு தொடங்கும்போது வேறொரு கட்டத்தில் இருந்துகொண்டு, வரி நெடுவரிசையின் இரண்டாம் வரிசையைச் சொடுக்கிச் சூத்திரத்தை எழுதி, கண்ட்ரோலுடன் என்டரை அழுத்துங்கள். பிறகு அதே மேக்ரோஸ் பட்டியலில், வரிசை எண்ணுக்குப் பதிலாக இருக்கும் கட்டத்திலிருந்து நகரும் நகர்வைப் பதியவைக்கும் யூஸ் ரிலேட்டிவ் ரெஃபரன்சஸை இயக்கி, இட அம்புக்குறியால் தொகை நெடுவரிசைக்குச் சென்று, கண்ட்ரோலுடன் கீழ் அம்புக்குறியால் கடைசித் தொகையை அடைந்து, வல அம்புக்குறியால் ஒரு கட்டம் திரும்புங்கள். அங்கிருந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், மேல் அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சூத்திரம் உள்ள கட்டம் வரை தேர்வாகும். கண்ட்ரோலும் டி-யும் அதை நிரப்பிவிடும். உடனே ஸ்டாப் ரெக்கார்டிங்கைத் தட்டுங்கள். தொகை நெடுவரிசையின் நடுவே வெற்றுக் கட்டம் இருந்தால் கீழ் அம்புக்குறி அதற்கு முன்பே நின்றுவிடும் என்பதால், அதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆல்ட்டுடன் எஃப்8 அழுத்தினால் மேக்ரோக்களின் பட்டியல் வரும். மேக்ரோ செய்ததைக் கண்ட்ரோல் இசட் திரும்பப் பெறாது. எனவே முதல் ஓட்டத்தைக் கோப்பின் நகலில், பதிவு செய்த நாளைவிட நீளமான பட்டியலைக் கொண்டு நடத்திப் பாருங்கள். எக்செலை மூடுகையில் பெர்சனல் ஒர்க்புக்கைச் சேமிக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்றால் மேக்ரோ போய்விடும்.